கதவுக்குள்ளே என்ன பங்கிடுகிறீர்கள்?

வாசகர் கேள்விகளுக்குக் குடும்பநல வழக்கறிஞர் பதில்

சென்ற இதழில் ஒரு வாசகி, தான் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் காலை ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருப்பது சரியா என்று கேட்டிருந்தார். சரிதான் என்று நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதுமானதாகிவிட்டன. கோபமாக எழுதியவர்களின் கேள்விகளையும் எடுத்திருக்கிறேன். அவற்றில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: பெண்களுக்கு மட்டும் என்று ஒரு இடம் வைத்தால் முன்னேற்றம், ஆண்களுக்கு மட்டும் என்று வைத்தால் ஆணாதிக்கம். சமத்துவம் என்றால் இரண்டுக்கும் ஒரே சட்டம்தானே இருக்க வேண்டும்? நீங்கள் இரட்டை நாக்கில் பேசுகிறீர்கள், மேடம்.
(தனியார் நிறுவன ஊழியர், இளைஞர்)

பதில்: ஒரே சட்டம்தான் தம்பி, இரண்டுக்கும். ஆனால் அதைக் கதவில் தொங்கும் பலகைக்குப் போடாதீர்கள். உள்ளே என்ன பங்கிடுகிறார்கள், அது கிடைக்காமல் வெளியே நிற்பவர் எதை இழக்கிறார் என்று பாருங்கள். நான் எல்லா இடத்துக்கும் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

ரோட்டரி சங்கத்தை எடுத்துக்கொள்வோம். பல பத்தாண்டுகள் அது ஆண்களுக்கு மட்டுமான அமைப்பாக இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சின்ன ஊரில் இருந்த கிளை, 1977இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தலைமையகம் மறு வருடமே அந்தக் கிளையின் அங்கீகாரத்தைப் பறித்துவிட்டது. அவர்கள் கலைந்து போகவில்லை. சங்கச் சின்னத்தின் மேல் ஒரு பெருக்கல் குறியைப் போட்டுக்கொண்டு, 'டுவார்ட்டேயின் முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு தொடர்ந்து கூடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987இல் தீர்ப்பு பெண்கள் பக்கம் வந்தது. தலைமைப் பயிற்சியும் தொழில் தொடர்புகளும் பெண்களுக்குச் சமமாகக் கிடைக்கச் செய்வதில் அரசுக்குத் தலையாய அக்கறை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அந்த மேசையில் சாப்பாட்டோடு வாடிக்கையாளர்களும் பரிமாறப்பட்டார்கள் என்பதை நீதிபதிகள் புரிந்துகொண்டார்கள். 2022இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் என்ற பெண் உலக ரோட்டரிக்கே தலைவரானார். பெண்கள் வந்ததால் சங்கம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

லண்டனில் 1831இல் தொடங்கிய கேரிக் கிளப், 2024 மே மாதம்தான் பெண்களைச் சேர்க்கலாம் என்று வாக்களித்தது. அதில் நீதிபதிகளும் அமைச்சர்களும் மூத்த அதிகாரிகளும் உறுப்பினர்கள். அங்கே நண்பர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், அதில் என்ன தவறு என்று கேட்டார்கள். தவறு சாப்பாட்டில் இல்லை. நாளைக்கு யாரை நீதிபதியாக்கலாம் என்று கருத்துச் சொல்லக்கூடியவர்களை இன்றைக்குத் தோள் தட்டிப் பேசும் வாய்ப்பு, ஒரு வழக்கறிஞருக்குக் கிடைக்கிறது, அவரோடு படித்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அதுதான் தவறு.

பெரிய கிளப்புகளை விடுங்கள். என்னிடம் வந்த ஒரு பெண் பொறியாளரின் கதையைச் சொல்கிறேன். அவர் வேலை பார்த்த இடத்தில் யாரும் அவரை ஒதுக்கவில்லை. எல்லாக் கூட்டத்துக்கும் அழைப்பு வரும், மரியாதையாகப் பேசுவார்கள். ஆனால் இரவில் ஓடும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஆண் சகாக்கள் கேலி, கிண்டலுக்காகத் தொடங்கியது. கொஞ்ச நாளில் எந்தப் பணித்தளத்துக்கு யார் போவது, அடுத்த டெண்டரில் யார் உட்காருவது என்பதெல்லாம் அதிலேயே முடிவாக ஆரம்பித்துவிட்டது. மறுநாள் கூட்டத்தில் 'இதுதான் ஏற்கெனவே பேசியாச்சே' என்று ஒரு வரியில் கடந்து போவார்கள். மனசு கேட்காத சக ஊழியர் ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்து என் மேசையில் பரப்பினார். பதவி உயர்வுப் பட்டியல் வெளியாவதற்கு முந்தின இரவே அந்தக் குழுவில் வாழ்த்தும் கைதட்டல் படங்களும் வந்து குவிந்திருந்தன. நேரம் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் குழுவின் பெயரில் எங்கேயும் 'ஆண்களுக்கு மட்டும்' என்று இல்லை. இருந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும்.

இப்போது அதே அளவுகோலைப் பெண்கள் பக்கம் திருப்புகிறேன். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநில அரசின் மகளிர் பல்கலைக்கழகம், ஒரு ஆண் செவிலியருக்கு நர்சிங் பட்டப்படிப்பில் இடம் தர மறுத்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். நர்சிங்கில் பெண்களுக்கு வாய்ப்பே இல்லாத நிலை இல்லை. ஆண்களைத் தடுப்பதால், அது பெண்களின் வேலை என்ற பழைய எண்ணம்தான் இறுகும் என்றார். அந்தக் கதவு எந்தப் பெண்ணையும் காக்கவில்லை, ஒரு ஆணின் படிப்பை மட்டும் தடுத்தது. திறக்கச் சொன்னது சரி. அங்கேயும் நான் உங்கள் பக்கம்தான் தம்பி.

கேள்வி: ரயிலில் பொதுப்பெட்டியில் ஏறினால், "அதான் உங்களுக்குத் தனிப்பெட்டி இருக்கே, அங்கே போங்களேன்" என்கிறார்கள். தனிப்பெட்டியே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது போல இருக்கிறது.
(தினமும் ரயிலில் வேலைக்குப் போகும் வாசகி)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது சகோதரி. தனிப்பெட்டியில் எனக்கு இருக்கும் பெரிய பயமும் இதுதான். ஒரு பெட்டியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினால், மிச்சப் பெட்டிகள் எல்லாம் ஆண்களுக்கு என்று யாரும் எழுதாமலே ஆகிவிடுகிறது. அங்கே ஒரு பெண் தொல்லைக்கு ஆளானால், 'நீ ஏன் இங்கே ஏறினாய்?' என்ற கேள்வி முதலில் அவளிடம் வருகிறது.

டோக்கியோவில் கெய்யோ ரயில் நிறுவனம், 2000 டிசம்பரில் இரவு நேர ரயில்களில் பெண்கள் பெட்டியைச் சோதனையாகக் கொண்டுவந்தது. நெரிசலில் உரசித் தொல்லை தருபவர்களைப் பற்றிய புகார்கள்தான் காரணம். அப்புறம் மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. அங்கே ஆண்கள் ஏறினால் சட்டப்படி தண்டனை கிடையாது. பயணிகளின் ஒத்துழைப்பை நம்பித்தான் அது ஓடுகிறது. பிரிட்டனில் 2015இல் தொழிற்கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட ஜெரமி கோர்பின், பெண்கள் பெட்டி வேண்டுமா என்று பெண்களிடமே கருத்துக் கேட்கலாம் என்றார். அதே போட்டியில் நின்ற இரண்டு பெண்களும், இவெட் கூப்பரும் லிஸ் கெண்டலும், அதை எதிர்த்தார்கள். பெண்ணுரிமை பேசுபவர்களே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்றால், இரண்டு பக்கமும் காரணம் இருப்பதால்தான்.

நான் பெட்டியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். கடைசி ரயிலில் தனியாக வீடு திரும்பும் பெண்ணிடம் போய், கொள்கைக்காக நீ பொதுப்பெட்டியில் ஏறு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது மாவுக்கட்டு. எலும்பு கூடும் வரைக்கும்தான். கட்டைப் போட்டுவிட்டு எலும்பை யாரும் கவனிக்கவில்லை என்றால் கை அப்படியே சூம்பிவிடும். பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் 1979ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் நான்காம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: சமத்துவத்தை விரைவுபடுத்த எடுக்கும் தற்காலிகச் சிறப்பு நடவடிக்கை பாகுபாடு ஆகாது, நோக்கம் நிறைவேறியதும் அது நிறுத்தப்பட வேண்டும். ஆகவே நிர்வாகம் எத்தனை பெண்கள் பெட்டி விட்டது என்று பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், பொதுப்பெட்டியில் வந்த புகார்களுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். உங்களை எழுப்பி அனுப்பப் பார்ப்பவரிடம், "இதுவும் என் பெட்டிதான் சார்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: மனைவியிடம் அடிவாங்கும் கணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புகலிடம் இல்லை. இருக்கும் காப்பகங்களையே இருவருக்கும் பொதுவாக்கினால் என்ன?
(ஓய்வுபெற்ற அரசு ஊழியர்)

பதில்: ஐயா, ஆண்களும் அடிபடுகிறார்கள் என்பது உண்மை. நானே அப்படிப்பட்டவர்களுக்காக வழக்காடியிருக்கிறேன். சொல்ல வெட்கப்பட்டு, கடைசியில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. 1971இல் லண்டன் சிஸ்விக் பகுதியில், அடிபட்ட பெண்களுக்கான நவீனக் காப்பகங்களுக்கு முன்னோடியான இல்லத்தைத் தொடங்கிய எரின் பிட்சியே, பின்னாளில் ஆண்களின் துன்பத்தையும் பேச வேண்டும் என்று வாதிட்டவர். எனவே உங்கள் கேள்வியின் முதல் பாதியோடு எனக்குச் சண்டையே இல்லை.

இரண்டாம் பாதியோடுதான் சண்டை. ஒரு பெண்கள் காப்பகத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்லப் போய்வருகிறேன். ஒரு நாள் நான் உள்ளே இருக்கும்போது, பொதுக்கூடத்து மின்விசிறியைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன் வந்தார். நல்ல மனிதர், தலையைக் குனிந்தபடியே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வாசலைத் தாண்டியதும் கூடத்தில் பேச்சு நின்றது. சுவர் ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த பெண், மடித்ததை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இன்னொருவர் எழுந்திருக்கவில்லை, ஆனால் ஏணி நகரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள்பட்டை தூக்கிப்போட்டது. அந்த மனிதர் யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஏணி ஒரு தடவை தரையில் இடித்தபோது என்னோடு பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தை நடுவில் மறந்துபோனார். அவர் சொல்லிக்கொண்டிருந்தது, கணவன் என்றைக்கு எந்தப் பொருளால் அடித்தான் என்ற விவரம். மனுவில் எழுத எனக்கு அது வேண்டும். அன்று அது எனக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் பொறுப்பாளர், பழுதுபார்க்கும் வேலைகளுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்.

அந்தக் கூடத்தில் பங்கிடப்படுவது பயமில்லாமல் பேசும் வாய்ப்பும் தூக்கமும். ஒரு ஆண் அங்கே வந்து தங்கினால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த இரண்டும் அங்கே இருக்காது. அவருக்கும் அது கிடைக்காது, இருப்பவர்களுக்கும் போய்விடும். ஆண்களுக்கு அவர்களுக்கென்று தனி இல்லம் கேளுங்கள் ஐயா. மனு எழுத வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.

சிறைகளைப் பாருங்கள், இது எவ்வளவு பழைய பாடம் என்று தெரியும். 1813இல் எலிசபெத் ஃப்ரை என்ற பெண்மணி லண்டன் நியூகேட் சிறைக்குள் போனபோது, பெண் கைதிகள் குழந்தைகளோடு நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அவர் விடாமல் பேசிப் போராடியதற்குப் பிறகு, 1823ஆம் ஆண்டுச் சட்டம் பெண் கைதிகளைப் பெண் காவலர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. இன்றைக்கு ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளும் பெண்கள் சிறைப்பகுதியைப் பெண் அதிகாரியின் பொறுப்பில்தான் வைக்கச் சொல்கின்றன. ஆண் ஊழியர் பெண் ஊழியர் துணையில்லாமல் அங்கே நுழையக் கூடாது. பூட்டிய இடத்தில் ஒருவரிடம் சாவி இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை. அங்கே எல்லோரும் சமம் என்று பலகை எழுதி என்ன பயன்?

கேள்வி: ஆண், பெண் கழிப்பறைகளை ஒரே அளவில் கட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன சமத்துவம் வேண்டும்?
(கட்டட ஒப்பந்ததாரர்)

பதில்: ஒரே அளவு இடத்தில் ஆண்கள் பக்கம் சுவரோரச் சிறுநீர்க் கோப்பைகள் வரிசையாக வந்துவிடும், பெண்கள் பக்கம் அறைகள் மட்டும்தான், எண்ணிக்கை குறையும். பெண்ணுக்கு உடைக்கு, மாதவிடாய்க்கு, கையில் இருக்கும் குழந்தைக்கு என்று நேரமும் கூடுதல். இடைவேளையில் எந்தப் பக்கம் வரிசை நீள்கிறது என்று நின்று பாருங்கள், வரைபடம் சொல்லாததை அது சொல்லும். சதுர அடியை வைத்து அளக்காதீர்கள், காத்திருக்கும் நேரத்தை வைத்து அளங்கள்.

கழிப்பறை சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 1917இல் முதல் பெண் உறுப்பினர் பதவியேற்றார். அவைக்குப் பக்கத்திலேயே பெண் உறுப்பினர்களுக்கு ஒரு கழிப்பறை வந்தது 2011இல். அதுவரை வாக்கெடுப்பு மணி அடித்தால் அவர்கள்தான் தூரத்திலிருந்து ஓடிவர வேண்டும்.

கேள்வி: மகளைப் பெண்கள் பள்ளியில் சேர்ப்பதா, இருபாலர் பள்ளியிலா? பெண்கள் பள்ளியில் தன்னம்பிக்கை வளரும் என்கிறார்கள்.
(ஒரு தாய்)

பதில்: பள்ளியைப் பாருங்கள் அம்மா, பலகையைப் பார்க்காதீர்கள். 2014இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் எடுத்துச் செய்த நல்ல ஆய்வுகளில், ஒருபாலர் பள்ளியால் பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை. நல்ல ஆசிரியர், ஆய்வகத்தில் கை வைக்க விடும் பள்ளி, புகார் சொன்னால் காது கொடுக்கும் தலைமை. இவை எங்கே இருக்கின்றனவோ அங்கே சேருங்கள்.

ஆனால் மகளிர் கல்லூரிகளுக்கு நாம் பட்ட கடன் பெரிது. கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி 1869இல் பெண்களுக்காகத் தொடங்கியது. அப்போது வேறு வாசலே இல்லை. பாடம் படித்தார்கள், தேர்வும் எழுதினார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையாகப் பட்டம் தந்தது 1948இல்தான். கர்ட்டன் 1970களின் கடைசியில் ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. அதே பல்கலைக்கழகத்தில் நியூன்ஹாம் கல்லூரி இன்றும் பெண்களுக்கு மட்டும்தான். இரண்டு முடிவுகளையும் நான் மதிக்கிறேன். முடிவு எடுத்தவர்கள் அந்தக் கல்லூரிக்காரர்கள், மாணவிக்குப் பக்கத்திலேயே வேறு நல்ல வாசல்களும் திறந்திருக்கின்றன.

வேறு வாசலைப் பொய்யாகக் காட்டுவது எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் வர்ஜீனியா ராணுவக் கல்லூரி உதாரணம். அரசுப் பணத்தில் நடந்த அது பெண்களைச் சேர்க்கவில்லை. வழக்கு வந்ததும் மாநில அரசு, பெண்களுக்கென்று இன்னொரு கல்லூரியில் தனிப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்திவிட்டு, இரண்டும் சமம் என்றது. 1996இல் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு அதை மூலத்தின் வெளிறிய நிழல் என்றது. பாடங்கள், ஆசிரியர்கள், பழைய மாணவர்களின் செல்வாக்கு என்று எதிலும் அது ஈடாகவில்லை. கல்லூரி பெண்களுக்குத் திறந்தது.

கேள்வி: பெண்களுக்கு மட்டும் என்ற இடத்தில் நாங்கள் எங்கே போவது? இரண்டு கதவிலும் எங்களைத்தான் நிறுத்திப் பார்க்கிறார்கள்.
(ஒரு திருநங்கை வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. நீங்கள் எழுதியிருப்பது போல, பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் போக நேரிடும் என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, எந்தச் சமத்துவக் கணக்கிலும் நியாயமாகாது.

சட்டம் இன்னும் ஓர் இடத்தில் வந்து நிற்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல், தன் பாலினம் எது என்று ஒருவர் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. தனிக் கழிப்பறைகள் கட்டவும் அரசுகளுக்குச் சொன்னது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், அங்குள்ள 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்பது உயிரியல் அடிப்படையிலானது என்றது. அதே தீர்ப்பு, பாலினம் மாறியவர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் பிரிவு அப்படியே இருக்கிறது என்றும் சொன்னது.

என் கருத்தைக் கேட்டால் இதுதான். கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் பெரும்பாலும் கட்டடப் பிரச்சினை. தரையிலிருந்து கூரை வரை கதவு, உள்ளேயே கைகழுவும் தொட்டி, உள்தாழ்ப்பாள் என்று தனித்தனி அறைகள் கட்டினால் யாரும் யாரையும் நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை. காப்பகமும் சிறையும் அப்படி இல்லை. ஒரே கூடத்தில் இரவு தூங்க வேண்டிய இடம். அங்கே ஏற்கெனவே இருக்கும் பெண்களின் பயத்தை நான் முன்பே எழுதினேன், அதை இப்போது மறந்துவிட முடியாது. அதற்காக உங்களை ஆண்கள் பக்கம் தள்ளினால், அது உங்களைத் தெரிந்தே ஆபத்தில் விடுவது. ஒவ்வொருவரின் நிலையையும் தனியாகப் பார்த்து, தனி அறையோ தனி இல்லமோ தர வேண்டும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான், உங்களையும் அந்தப் பெண்களையும் எதிரெதிராக நிறுத்திச் சண்டை போட விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: விளையாட்டில் மட்டும் ஏன் தனித்தனி?
(பள்ளி மாணவன்)

பதில்: நூறு மீட்டர் ஓட்டத்தில் ஆண்கள் உலக சாதனை 9.58 விநாடி, பெண்கள் சாதனை 10.49. ஒரே பந்தயமாக வைத்தால் உலகின் மிக வேகமான பெண்கூட இறுதிப் போட்டிக்கு வர மாட்டாள். அங்கே தனிப் பிரிவுதான் பெண்ணுக்கு மேடை.

எல்லா விளையாட்டும் அப்படி இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்கீட் எனப்படும், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் துப்பாக்கிச் சுடுதல் இருபாலருக்கும் பொதுப் போட்டி. சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண் ஆண்களையும் முந்தித் தங்கம் வென்றார். 1996இல் அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டும் என்று ஆனது, பெண்களுக்குத் தனிப் போட்டி 2000இல்தான் வந்தது. நடுவில் தங்கம் வென்றவருக்கே சுட இடமில்லை. சதுரங்கத்தில் ஜூடித் போல்கார் பெண்கள் பட்டத்துக்குப் போட்டியிடாமல் பொதுப் பிரிவிலேயே ஆடி, உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவரானார். உனக்கு எந்த விளையாட்டு பிடிக்கும் என்று எழுதவில்லையே?

கேள்வி: ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களுக்கு மனசுவிட்டுப் பேச இடமே இல்லை. நாங்கள் நாலு பேர் கூடினால் அதுவும் தப்பா?
(மனைவியை இழந்த வாசகர்)

பதில்: தப்பே இல்லை ஐயா, தாராளமாகக் கூடுங்கள். ஆஸ்திரேலியாவில் 1990களில் தொடங்கி வேறு பல நாடுகளுக்கும் பரவிய 'ஆண்கள் பட்டறை'கள் இதற்காகவே இருக்கின்றன. ஓய்வுபெற்றவர்கள், தனித்துவிடப்பட்டவர்கள் ஒரு கொட்டகையில் கூடி மர வேலை செய்வார்கள், பழைய சைக்கிளைப் பழுதுபார்ப்பார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து துக்கத்தைச் சொல்லச் சொன்னால் வாயடைத்துப் போகிற மனிதர், ஒரே பலகையை இருவருமாக இழைக்கும்போது சொல்லிவிடுகிறார். அங்கே டெண்டர் பேசுவதில்லை, பதவி பங்கிடுவதில்லை. எந்தப் பெண்ணும் அதனால் எதையும் இழப்பதில்லை. உங்கள் துணைவியாரை இழந்ததைப் பற்றி அந்த நாலு பேரிடம் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பெண் ஊழியர்களுக்கு ஒரு குழு தொடங்கினோம். மாதம் ஒருமுறை அலுவலக நேரத்தில் கூடுகிறோம். பயிற்சி வகுப்பு உண்டு, சில சமயம் நிர்வாக இயக்குநரும் வந்து பேசுவார். ஆண் சகாக்கள் புகார் செய்ததால் மனிதவளத் துறை குழுவைக் கலைக்கச் சொல்கிறது. என்ன செய்யட்டும்?
(குழுவின் ஒருங்கிணைப்பாளர்)

பதில்: கலைக்காதீர்கள். ஆனால் புகாரைத் தூக்கி எறியவும் வேண்டாம், அதில் பாதி சரி. நிர்வாக இயக்குநரின் முகத்தில் படும் வாய்ப்பும் பயிற்சியும் அந்த அறைக்குள் பங்கிடப்படுகின்றன. முதல் கேள்வியில் ரோட்டரி மேசையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உங்கள் மேசைக்கும் பொருந்தும். 'எங்களுக்கு இத்தனை வருடம் கிடைக்கவில்லையே' என்பீர்கள். உண்மைதான். பின்தங்க வைக்கப்பட்டவர்களுக்குக் கூடுதலாகச் செய்வதை ஐ.நா. உடன்படிக்கையும் ஏற்கிறது, பெண்களுக்கான சிறப்பு ஏற்பாட்டை இந்திய அரசமைப்பின் 15(3) பிரிவும் அனுமதிக்கிறது. ஆனாலும் நேற்று வேலைக்குச் சேர்ந்த, பேசக் கூச்சப்படும் ஒரு பையனுக்கு அந்தப் பயிற்சியை மறுப்பதால் உங்களில் யாருக்கு என்ன கிடைக்கிறது?

அதனால் இரண்டையும் பிரியுங்கள். பயிற்சி, இயக்குநர் சந்திப்பு, காலியிட அறிவிப்பு எல்லாம் எல்லோருக்கும். பேசுவது மட்டும் உங்களுக்குள். மேலதிகாரியின் கை எங்கே பட்டது, மகப்பேறு விடுப்பு முடிந்து வந்ததும் நாற்காலி எங்கே போனது என்பதையெல்லாம் பொதுக்கூட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தனியாகக் கூடியவர்கள் என்ன சாதித்தார்கள் என்று நிர்வாகம் கேட்டால், 1910ஐச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் கிராட்லி ஹீத் என்ற ஊரில் வீட்டுக் கொல்லைகளில் இரும்புச் சங்கிலி அடித்துக்கொண்டிருந்த பெண்கள், வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து குறைந்தபட்சக் கூலியை வாங்கினார்கள். அவர்களுக்குத் துணை நின்றது, மேரி மெக்கார்தர் 1906இல் தொடங்கிய பெண் தொழிலாளர் கூட்டமைப்பு. பல தொழிற்சங்கங்கள் பெண்களைச் சேர்க்காத காலம் அது. 1921இல் அந்தக் கூட்டமைப்பு பொதுத் தொழிற்சங்கத்தோடு இணைந்துவிட்டது.

மனிதவளத் துறைக்குக் கடிதமாகவே எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பயிற்சிக்கு யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பெண்கள் கூட்டத்தில் பேசியதிலிருந்து, பெயர்கள் இல்லாமல், கோரிக்கைகளை மட்டும் மாதாமாதம் தருகிறோம் என்று அடுத்த வரி. ஆண் ஊழியர்கள் தங்களுக்கும் ஒரு பேச்சுக்குழு கேட்டால் ஆதரிப்போம் என்று மூன்றாவது வரி. வரும் பதிலை எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துவிட்டு மேற்கொண்டு என்ன எழுதலாம் என்று பார்ப்போம்.